நூறு வரைக்கும்

போன செவ்வாய்க்கிழமை
பெரியாஸ்பத்திரி கூட்ட அரங்கில்
எங்களுக்கு மன அமைதி சொல்லிக்கொடுக்க
கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.
கண்ணை மூடுங்கள் என்றார்.
எதையும் எண்ணாதீர்கள்,
மூச்சை மட்டும் எண்ணுங்கள் என்றார்.
பின்வரிசையில் சகாயமேரி சிரித்துவிட்டாள்.

எனக்கு மூன்றாவது மூச்சில் கேஸ் சிலிண்டர் வந்தது.
ஐந்தில், மொட்டைமாடியிலிருந்து எடுக்காமல் விட்ட துணி.
ஏழில் நாத்தனார்.
நாத்தனார் வந்த பிறகு
பத்தை நான் பார்க்கவே இல்லை.

இன்று இரவுப் பணி.
ஜன்னலுக்கு வெளியே பனகல் சாலை.
கோரிப்பாளையத்திலிருந்து வருகிற ஆம்புலன்ஸ்
வாசலில் திரும்பும்போது குரலை விழுங்கிக்கொள்கிறது.

ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம்.
இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் இழுத்தால்
நாக்குப் போல் மெலிந்து முடியும்.
சாயம் ஊற்றி, காத்திருந்து, கழுவி, சாய்த்துக் காயவைத்து
ஒரு துளி எண்ணெய் விட்டு
எண்ணெயைத் தொடும்வரை லென்சை இறக்குகிறேன்.
ஸ்லைடில் 214 என்று மட்டும் எழுதியிருக்கிறது.
பெயர்ச்சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.
பெயர் தெரிந்தால் விரல் கொஞ்சம் தயங்குகிறது.

அப்பளம் காயப்போட்ட மாடி மாதிரி
சிவப்பணுக்கள்.
நடுநடுவே ஊதா.
மடல் மடலாக இருந்தால் சுட்டுவிரல்.
உருண்டை முழுக்க மை என்றால் நடுவிரல்.
ஆரஞ்சுப் பொடி தூவியிருந்தால் மோதிரவிரல்.
மேலே, பக்கத்தில், கீழே, பக்கத்தில்,
ஏர் திரும்புகிற மாதிரி
ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.
ஒரே இடத்தை இரண்டு தரம் உழக் கூடாது.

இருபது வரைக்கும் நான் இருந்தேன்.
இடுப்புவலி இருந்தது.
முப்பதுக்கு மேல்
கண் பார்த்ததா, விரல் பார்த்ததா தெரியவில்லை.
இரண்டுக்கும் நடுவே
கையெழுத்துப் போட அதிகாரி யாரும் இல்லை.
கோப்பு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அறுபத்திரண்டில்
'அட, நல்லா போகுதே' என்று
ஒரு நினைப்பு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது.
அவ்வளவுதான்.
இந்த ஊதா
முன்பே பார்த்ததா, இனிமேல்தான் பார்ப்பதா?
ஒன்று கூட்டிப் போட்டாலும்
யாருக்கும் தெரியப்போவதில்லை.
திருகைச் சுற்றிப்
பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாம் தடவை, நாற்பத்தொன்பதில்
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கப் பத்து நொடியாவது ஆகும்.
கண்ணை எடுக்கவில்லை.
இருட்டில் ஒரு மூச்சு
மைக்ராஸ்கோப்பின் இரும்பில் பட்டு
வெதுவெதுப்பாக என் கன்னத்துக்கே திரும்பி வந்தது.
பிறகு இன்னொன்று.
வார்டில் யாரோ இருமினார்கள்.
இன்னொன்று.
வெளிச்சம் வந்தபோது
நாற்பத்தொன்பது விட்ட இடத்திலேயே நின்றது,
பஸ்ஸில் இடம்போட்ட துண்டு மாதிரி.

நூறில் எங்கள் எண்ணுகிற பெட்டி மணியடிக்கும்.
சைக்கிள் மணிதான், சின்னது.
அந்தச் சத்தத்துக்குத்தான்
ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது:
முதலில் இடுப்பு,
பிறகு மின்விசிறியின் கிறீச்சு,
ஆடை கட்டிய காபி,
கடைசியாக நான்.

சீட்டைத் திருப்பினேன்.
ஒச்சுக்காளை. வயது ஏழு. எழுமலை.
ஆறு நாள் காய்ச்சல்.

கட்டங்களில் எண்களை எழுதினேன்.
கூட்டினால் நூறு.
இன்னொரு தரம் கூட்டினேன், நூறு.
கட்டிலில் அவன்
எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறான் என்று
அதில் இல்லை.

அடுத்த ஸ்லைடு 215.
அதற்கப்புறம் 231 வரைக்கும்.
எல்லாம் இப்படி அமையவில்லை.
சிலவற்றில் நாத்தனார் வந்தாள்.

ஆறரைக்கு ஷேர் ஆட்டோ.
ஏ.வி. பாலத்தில் நெரிசல்.
கீழே ஆற்றில் ஆகாயத்தாமரைக்கு நடுவே
வேட்டி அகலத்துக்குத் தண்ணீர்.
முன்சீட்டுக்காரர் ஃபோனில்
யாரிடமோ வட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.
சிலிண்டர் ஞாபகம் வந்தது.
வரட்டும், இன்றைக்குப் பதிந்துவிடலாம்.

யானைக்கல்லில் இறங்கி ஐம்பதை நீட்டினேன்.
டிரைவர் மீதியை
நாணயமும் கசங்கிய தாளுமாக
உள்ளங்கையில் கொட்டினார்.
சூடாக இருந்தது சில்லறை.
எண்ணாமல்
பையில் போட்டுக்கொண்டேன்.